பூசை இல்லாத ஞாயிறு

பலேர்மோவின் அல்பெர்கேரியாச் சந்துகளில் ஒன்றாக ஓடித் திரிந்த கூட்டமே, உங்களில் பாதிப் பேருக்கு இப்போது மருந்துப் பெட்டியில் இருப்பதை வாசிக்கக் கண்ணாடி வேண்டும் என்று எனக்குத் தெரியும். மறைக்க வேண்டாம். நானும் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

போன மாதம் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றபோது, யாரோ ஒருவரின் தம்பிக்குப் பெண் பார்க்கிறோம் என்று கைபேசியை ஆளுக்காள் மாற்றிப் படம் பார்த்தீர்கள். விரலால் தள்ளினால் ஒருத்தி போனாள், அடுத்தவள் வந்தாள். எங்கள் அம்மாக்களின் காலத்தில் இதற்கு என்ன பாடுபட்டார்கள் என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. ஒரு பெண் பார்த்தலுக்காகக் கப்பலேறிப் பிரான்சு வரைக்கும் போன குடும்பம் எங்களுடையது. அதை உங்களில் ஒருவருக்கும் நான் சொன்னதில்லை. வெளியே மூச்சு விடக்கூடாது என்று வீட்டில் கட்டளை. கட்டளை போட்ட இருவரில் அப்பா இப்போது இல்லை, அம்மாவுக்கு ஞாபகம் தப்பிக்கொண்டு வருகிறது. இனிச் சொல்லலாம்.

பார்க்கப்பட வேண்டியவர் என் சின்னம்மா, அம்மாவின் ஒரே தங்கை. பணக்காரர் குடியிருக்கும் லிபெர்த்தாவில் ஒரு வயதான சிஞோராவோடு, இத்தாலிய வீட்டுக்காரியோடு, தங்கி வேலை செய்துகொண்டிருந்தார். வியாழன் பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும் மட்டும் பல்லாரோச் சந்தைக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டுக்கு வருவார். வரும்போது சிஞோரா வீட்டுச் சவர்க்கார வாசமும் கூடவே வரும். எங்கள் வீட்டில் அதுவரை மீன் வாசமும் சந்தையில் அழுகிய தோடம்பழ வாசமும்தான். நான் அவருடைய சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டே நித்திரையாகிவிடுவேன்.

சின்னம்மாவுக்கு முப்பது தாண்டியிருந்தது. மூன்று இடத்தில் பேசிச் சரிவராமல் போயிருந்தது. ஒன்றில் நிறம் போதாது, ஒன்றில் வயது கூட, ஒன்றில் தங்கி வேலை செய்கிற பெண் வேண்டாம். இதுவும் தட்டிப்போனால் இனி ஒருவரும் கேட்டு வரமாட்டார்கள் என்று அம்மா அடுப்படியில் நின்று சொல்லிக்கொண்டேயிருப்பார். அப்பாவுக்கு அது கௌரவப் பிரச்சினை. மனைவியின் தங்கையை என் பொறுப்பில் விட்டார்கள், நான் கரை சேர்க்கவில்லை என்று ஊரில் பேச்சு வரக்கூடாது. சின்னம்மா என்ன நினைத்தார் என்று ஒருவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

நான்காவது இடம் பாரிசிலிருந்து வந்தது. எங்கள் மன்னார்ப் பக்கத்து ஆட்கள்தான். மாப்பிள்ளை ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை. கலியாணம் ஆகாத அந்த மனிதருக்கு எங்கள் வீட்டில் அப்போதே மாப்பிள்ளை என்றுதான் பெயர். அவருடைய அகதி வழக்கு முடியவில்லை, பிரான்சை விட்டு வெளியே கால் வைக்க முடியாது. எங்களுக்கோ இத்தாலியில் தங்குவதற்கான பெர்மெசோ கையில் இருந்தது, அந்த வருடந்தான் அதை வைத்துக்கொண்டு விசா இல்லாமல் பிரான்சுக்குப் போகலாம் என்று ஆகியிருந்தது. ஆகவே நாங்கள்தான் போகவேண்டும்.

ஆனால் பாரிசுக்குப் போக இரண்டு பகுதிக்கும் விருப்பமில்லை. அங்கே எங்கள் தமிழ்க் கடைத்தெருவில் ஒரு புதுமுகம் இறங்கினால் மாலைக்குள் நாலு வீட்டுக்குச் செய்தி போய்விடும். பிறகு சரிவராவிட்டால் இந்தப் பெண்ணைப் பார்த்து வேண்டாம் என்றார்கள் என்று கதை கட்டிவிடுவார்கள்.

இங்கே எங்கள் குடும்பங்களின் ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். எங்களில் பெண் பார்க்க வீட்டுக்கு வருவதில்லை. கோயில் திருநாளுக்கு இரண்டு பகுதியும் தற்செயலாக வந்ததுபோல வரும். பூசையில் ஆளுக்கொரு பக்கம் இருந்து பார்த்துக்கொள்வார்கள். ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். பூசை முடிந்ததும், பிடித்திருந்தால் மாப்பிள்ளை பகுதி வந்து, “நீங்கள் எந்தப் பக்கத்து ஆக்கள்?” என்று முன்பின் தெரியாதவர்கள்போலக் கேட்கும். பிடிக்கவில்லை என்றால் மற்ற வாசலால் போய்விடும். கேட்கவே இல்லை என்பதால் மறுக்கப்பட்டவர் என்று ஒருவரும் இல்லை. நல்ல மனதோடு யாரோ உண்டாக்கிய வழக்கம் அது. அதில் ஒரேயொரு சட்டம், பெண் பகுதி முதலில் வாய் திறக்கக்கூடாது.

கலியாணத்தைப் பேசிக் கொண்டுவந்தவர் பாட்டு மாஸ்டர். எங்கள் எல்லோருக்கும் கோயிலில் தமிழ்ப் பாட்டுப் பழக்கியவர், நினைவிருக்கும். அவர் இத்தாலிக்கு வருமுன் பிரான்சின் தெற்கே திராட்சை பிடுங்கியவர். அவர்தான் அந்த ஊரைச் சொன்னார். கடலுக்குக் கிட்ட, சுற்றிவரப் பழைய மதில், நடுவிலே பழைய கோயில், பார்க்க வருகிறவர்களெல்லாம் வெள்ளைக்காரர், எங்கள் ஆட்கள் மருந்துக்கும் இல்லை. ஞாயிறு பூசையில் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு பகுதிக்கும் அது நன்றாகப் பட்டது. ஊரின் பெயர் அப்பாவின் வாயில் ஒருநாளும் சரியாக வரவில்லை. வீட்டில் அதற்கு மதில் ஊர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை அது. சின்னம்மா சிஞோராவிடம் பிரான்சுக்குச் சுற்றுலா போகிறேன் என்றுதான் சொல்லி லீவு கேட்டிருக்கிறார். சுற்றுலா போகிறவள் தொப்பி இல்லாமல் போவதா என்று சிஞோரா தன்னுடைய அகலமான வைக்கோல் தொப்பி ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டார். சுற்றிலும் கடும் நீல நாடா கட்டியது. சின்னம்மா அதைத் தலையில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுப் படியேறி வந்ததைப் பார்த்து அம்மா நெஞ்சில் கை வைத்தார். பெண் பார்க்கப் போகிற இடத்தில் கூத்தாடவேண்டாம் என்று அதைப் பிடுங்கிப் பையின் அடியில் கட்லட் டப்பாவுக்குக் கீழே வைத்துவிட்டார்.

துறைமுகத்தில் ஜெனோவாக் கப்பலில் ஏறினோம். கட்டில் எடுக்கவில்லை, மேல்தட்டில் பாய் விரித்தோம். லொறிச் சாரதிகள் சீட்டாடினார்கள். எண்ணெய்ப் புகையும் உப்புக் காற்றும் சேர்ந்து எனக்கு வயிற்றைக் குமட்டியது. அம்மா என் தொப்புளில் விக்ஸ் பூசினார். எந்த வருத்தத்துக்கும் எங்கள் அம்மாக்கள் வைத்திருந்த மருந்து அதுதானே. சின்னம்மா மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, பலேர்மோ மலை கண்ணுக்கு மறையும் வரைக்கும் பார்த்தார். பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். பசிக்கிறது என்றார்.

ஜெனோவாவிலிருந்து ரயில். மார்செயில் அப்பாவின் பழைய சிநேகிதர் வீட்டில் ஓர் இரவு. ஞாயிறு காலை அவர் தன் காரில் கொண்டுபோய் எங்களை மதில் வாசலில் இறக்கிவிட்டு, பின்னேரம் வந்து ஏற்றுவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

அந்த ஊரை நீங்கள் பார்க்கவேண்டும். வெட்டவெளி நடுவே ஒரு பெரிய சதுரக் கல்மதில். வாசலுக்குள் நுழைந்தால் நேர்த்தெருக்கள், பூச்சட்டி வைத்த சன்னல்கள், சவர்க்காரமும் உப்பும் சின்னச் சின்னத் துணிப்பையில் கட்டி விற்கிற கடைகள். உப்பைப் பைகட்டிப் பரிசுப்பொருளாக விற்கிறார்கள் என்று அப்பா நம்பமுடியாமல் நின்றார். அவர் உப்பளத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர். இது இனாமாகக் கிடக்கிற சாமான் என்று கடைக்காரிக்கு இத்தாலியில் விளக்கம் சொல்லப் போனவரை அம்மா கையைப் பிடித்து இழுத்தார்.

அம்மா சின்னம்மாவுக்கு மாம்பழ நிறத்தில் கரைவைத்த சேலை உடுத்திவிட்டிருந்தார். தெருவில் அரைக் காற்சட்டையோடு திரிந்த அத்தனை பேரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணில் படாமல் இருக்கவென்று இவ்வளவு தூரம் வந்தவர்கள் நாங்கள்.

கோயில் சதுக்கத்துக்கு வந்தோம். கோயில் கதவு பூட்டிக் கிடந்தது.

கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அப்பா தன் இத்தாலியை வைத்து அதை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தபோது, சதுக்கத்தின் மறுபக்கத்தால் மூன்று பேர் வந்தார்கள். சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு பெரிய மனிதர், பச்சைச் சேலை உடுத்திய அவர் மனைவி, பின்னால் ஒல்லியாக அவருடைய தம்பி, மாப்பிள்ளை. அந்த ஊர் முழுவதிலும் கறுப்புத் தலை எங்களுக்கும் அவர்களுக்கும்தான். தற்செயலாக வந்த இரண்டு குடும்பங்களும் ஒன்றையொன்று பார்க்காததுபோல நின்றன.

பச்சைச் சேலைக்காரி கதவுக்குக் கிட்டப் போய்க் காகிதத்தை வாசித்தார். பிறகு தன் கணவருக்குச் சொல்வதுபோல, எங்களுக்கும் கேட்கும்படியாகச் சத்தமாகச் சொன்னார்.

“இண்டைக்கு இஞ்சை பூசை இல்லையாம். இந்தக் கிழமை வேறை ஊரிலையாம். சுவாமி ஒராள்தானாம், ஊர் ஊராய்ப் போறாராம்.”

ஞாயிற்றுக்கிழமை ஒரு கோயிலில் பூசை இல்லாமல் இருக்கும் என்பது எங்கள் யாருக்கும் தலைக்குள் வரவில்லை. பலேர்மோவில் தடுக்கி விழுந்தால் ஒரு கோயில், ஒவ்வொன்றிலும் காலை மாலை பூசை. மன்னாரில் ஓலைக் கொட்டில் கோயிலுக்கும் ஞாயிறு பூசை உண்டு. இவ்வளவு பெரிய கற்கோயிலைக் கட்டிவைத்துவிட்டுப் பூட்டுப் போடுவார்கள் என்று யார் நினைப்பது. எல்லாத் திட்டத்தையும் அந்தப் பூசைமேல் கட்டிவிட்டோம். எந்தப் பக்கம் இருப்பது, எப்போது எழும்புவது, எந்த வாசலால் போவது, எல்லாம் பேசியிருந்தார்கள். பூசை இல்லாவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் ஒருவரும் பேசவில்லை.

அப்பா அம்மாவைப் பார்த்துச் சத்தமாக, கார் பின்னேரந்தானே வரும் என்றார். சாம்பல் கோட்டுக்காரர் தன் மனைவியைப் பார்த்து, எங்கள் ரயிலும் பின்னேரந்தான் என்றார். இப்படியாக இரண்டு குடும்பங்களும் ஒன்றோடொன்று பேசாமலே செய்தி பரிமாறிக்கொண்டன. இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, எழும்பிப்போய் எல்லோரையும் பிடித்து உலுக்கவேண்டும் போலவும் வருகிறது.

பிறகு முழு நாளும் கண்ணாமூச்சிதான். ஊர் மிகச் சின்னது. ஒரு தெருவால் போனால் அடுத்த முடக்கில் அவர்கள். ஐஸ்கிறீம் கடையில் அவர்கள். குடிதண்ணீர்க் குழாயடியில் அவர்கள். ஒவ்வொரு முறையும் அப்பா திடீரென்று ஒரு சன்னலையோ சுவரையோ உன்னிப்பாகப் பார்க்கத் தொடங்குவார். அந்தப் பெரிய மனிதரும் அப்படியே. மத்தியானம் நிழல் இருந்தது சதுக்கத்தில் ஒரே ஒரு மரத்துக்குக் கீழேதான். இந்தப் பக்கத்து வாங்கில் உட்கார்ந்து நாங்கள் கட்லட் டப்பாவைத் திறந்தோம், முதுகுப் பக்கத்து வாங்கில் அவர்கள் மீன் ரோல்ஸ் பொதியை அவிழ்த்தார்கள். மாசிச் சம்பல் வாசம் வந்தது. நான் திரும்பித் திரும்பிப் பார்த்து அம்மாவிடம் தொடையில் கிள்ளு வாங்கினேன்.

அப்பா கழுத்தில் கமரா தொங்கியது, சுற்றுலாக்காரர் வேடத்துக்காக. அதைப் பார்த்து ஒரு பிரெஞ்சுக் கிழவி வந்து, தான் படம் எடுத்துத் தருவதாகச் சைகை காட்டினார். நாங்கள் எழும்பி நின்றோம். கிழவிக்குத் திருப்தியில்லை. பின் வாங்கில் இருந்தவர்களையும் கையைக் காட்டி வரச் சொன்னார். நாங்கள் எல்லோரும் ஒரு குடும்பம் என்று நினைத்துவிட்டார். இல்லை என்று சொல்ல எங்களுக்குப் பிரெஞ்சு வராது, பிரெஞ்சு தெரிந்த பச்சைச் சேலைக்காரியும் சொல்லவில்லை. ஏழு பேரும் நெருங்கி நின்றோம். கிழவி மாப்பிள்ளையின் தோளைப் பிடித்து நகர்த்திச் சின்னம்மாவுக்குப் பக்கத்தில் விட்டார். படம் எடுத்ததும் எல்லோரும் நெருப்புப் பட்டதுபோல விலகினோம். அந்தப் படம் கழுவி வந்தபோது பார்த்திருக்கிறேன். எல்லோரும் செத்தவீட்டு முகத்தோடு நிற்க, அவர்கள் இரண்டு பேர் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள். வீடு மாறியபோது அது எங்கேயோ போய்விட்டது.

மத்தியானம் திரும்பியும் மாப்பிள்ளை பகுதி வந்து கேட்கவில்லை. கேட்காமல் இருக்கிறார்கள், போகவும் இல்லை. பிடித்ததா பிடிக்கவில்லையா என்று தெரியாமல் அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. அப்பா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துத் துடைத்துக் கழுத்துச் சிவந்துவிட்டது. வெயில் கொளுத்தியது. கல்லெல்லாம் சுட்டது.

அப்போது சின்னம்மா குனிந்து பையைத் திறந்தார். சாப்பாட்டு டப்பாவைத் தூக்கி வெளியே வைத்தார். தொப்பியை எடுத்தார். நசுங்கியிருந்ததைத் தட்டி நிமிர்த்தி, மாம்பழ நிறச் சேலைக்கு மேலே தலையில் போட்டுக்கொண்டார். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு அவர் பெயரைச் சொன்னார். சின்னம்மா திரும்பவில்லை. மதிலுக்கு மேலே ஏறிப் பார்க்கிறவர்களுக்குச் சீட்டு விற்கிற சன்னலுக்கு நேரே நடந்தார். அம்மா என் முதுகில் ஒரு தள்ளுத் தள்ளி, “போ, சின்னம்மாவோடை போ,” என்றார்.

சின்னம்மா மூன்று சீட்டு வாங்கினார். ஒன்று தனக்கு, ஒன்று எனக்கு. மூன்றாவதைக் கொண்டுபோய் வாங்கில் இருந்த மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

“நீங்களும் பூசைக்குத்தானே வந்தனீங்கள். அது இல்லையெண்டாப்போலை சும்மா இருக்கிறதே. மேலை ஏறிக் கடலையெண்டாலும் பாத்திட்டு வருவம்.”

சாம்பல் கோட்டுக்காரர் தம்பியைப் பார்த்தார். அப்பா வானத்தைப் பார்த்தார். மாப்பிள்ளை எழும்பிச் சீட்டை வாங்கிக்கொண்டார்.

மேலே காற்று. ஒரு பக்கம் ஓட்டுக் கூரைகள், மறுபக்கம் உப்பளம். தண்ணீர் வெளிறிய ரோசா நிறத்தில் கிடந்தது, அதற்கப்பால் உப்பு மலைபோலக் குவிந்திருந்தது, எல்லாவற்றுக்கும் பின்னால் கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. அவர்கள் முன்னே நடந்தார்கள், நான் கல்லை எண்ணிக்கொண்டு பின்னே. காற்றுக்கு இடையிடையே பேச்சு வந்து விழுந்தது. தான் வேலை செய்யும் குசினி நிலத்துக்குக் கீழே, சன்னல் இல்லை, பிரான்சுக்கு வந்தபிறகு இன்றைக்குத்தான் கடலைக் காண்கிறேன் என்றார் அவர். சிஞோரா வீட்டு மாடியிலிருந்து துறைமுகம் முழுக்கத் தெரியும், எந்தக் கப்பல் நாப்போலிக்குப் போகிறது, எது சர்தேஞ்ஞாவுக்குப் போகிறது என்று பார்த்தவுடன் சொல்வேன் என்றார் சின்னம்மா. பூட்டின கோயிலைப் பற்றிப் பேசி இரண்டு பேரும் சத்தமாகச் சிரித்தார்கள். சின்னம்மா அப்படிச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மூலைக் கோபுரத்துக்கு வந்ததும் சின்னம்மா என்னிடம், அந்தச் சுவர் ஓட்டையால் கப்பல் தெரிகிறதா என்று பார்த்துவரச் சொன்னார். ஓடிப்போய்ப் பார்த்தேன். கப்பல் ஒன்றும் இல்லை. திரும்பி வந்தபோது இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அவர் நிலத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். சின்னம்மா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

கீழே வந்தபோது அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பின்னேரம் அவர்கள் ரயிலுக்குப் புறப்பட்டார்கள். எங்களைக் கடந்து போகும்போது பச்சைச் சேலைக்காரி நின்று, என் கன்னத்தைத் தடவி, மிச்சமிருந்த மீன் ரோல்ஸ் பொதியை என் கையில் வைத்தார். நாங்கள் எல்லோரும், எந்தப் பக்கத்து ஆக்கள் என்ற அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தோம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. மூவரும் மதில் வாசலால் போய்விட்டார்கள்.

காரில் அம்மா அழுதார். பெண்பிள்ளை தானாகப் போய்க் கதை கொடுத்தால் எந்த மானமுள்ள குடும்பம் எடுக்கும் என்றார். தொப்பியைப் பற்றியும் சொன்னார். சின்னம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“நீ இனி வாய் திறக்காதை,” என்றார் அம்மா.

திரும்பி வரும்போது தொப்பியைக் கப்பலிலேயே விட்டுவிட்டோம். மறந்து விட்டோமா வேண்டுமென்று விட்டோமா தெரியாது. சிஞோராவுக்கு அம்மா சந்தையில் வேறொன்று வாங்கிக் கொடுத்துவிட்டார்.

பலேர்மோவுக்கு வந்த அடுத்த ஞாயிறு அப்பா கோயில் வாசலில் வைத்துப் பாட்டு மாஸ்டரைப் பிடித்தார். பூசை இல்லாத கோயிலுக்கு எங்களை அனுப்பினாயே என்று அடிக்குரலில் ஏசினார். தான் போன காலத்தில் பூசை இருந்தது என்று அந்த மனிதர் சொல்லச் சொல்ல அப்பா விடவில்லை. கடைசியில் மாஸ்டர், இனி இந்த விசயத்தில் நான் இல்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று பாட்டுப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை.

அவர் தொடக்கத்திலேயே பாரிஸ் நம்பரைத் தந்திருந்தார், எங்கள் நம்பரையும் அங்கே கொடுத்திருந்தார். அன்று ஒன்றும் கேட்காமல் போனாலும், வீட்டில் பேசிவிட்டு எடுப்பார்கள் என்று அப்பாவுக்கு ஒரு நப்பாசை. ஞாயிறு பின்னேரங்களில் வெளியே போகமாட்டார். போனை யாரும் தொடக்கூடாது. நீங்கள் எத்தனை பேர் அந்த மாதங்களில் எங்கள் வீட்டுக்கு எடுத்து ஏச்சு வாங்கினீர்கள். ஏன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. மழைக்காலம் வந்தது, பாலன் பிறப்புத் திருநாள் வந்தது, போன் வரவில்லை. நாங்களே எடுத்துக் கேட்டால் என்ன என்று அம்மா ஒருநாள் மெல்லச் சொன்னார். வேண்டாம் என்று போனவனிடம் கெஞ்சச் சொல்கிறாயா என்று அப்பா கேட்டார். அதோடு முடிந்தது.

சின்னம்மா தன் வேலைக்குப் போய் வந்தார். சிஞோரா இறந்தபின் வேறொரு சிஞோரா. நடந்தது தெரியாமலே நாலு பேர் அவரைப் பாவம் என்றார்கள், இரண்டு பேர் வாய்க்காரி என்றார்கள். ஐந்தாவது இடம் வரவில்லை.

போன வருடம் என் கணவரின் உறவுக்காரப் பிள்ளைக்கு முதல் நற்கருணை, புதுநன்மை என்று பாரிசுக்குப் போனேன். மண்டபத்தில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் ஒரு வயதான பெண். பலேர்மோ என்றதும் அவர் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். அங்கே சேலைக்கு மேலே தொப்பி போடுகிற ஒரு பிள்ளை இருந்ததே, தெரியுமா என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் முகம் பிடிபட்டது. பச்சைச் சேலைக்காரி.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

“எங்களுக்கு நல்ல விருப்பம், பிள்ளை. மாப்பிள்ளைக்கும் நல்ல விருப்பம். ரயிலுக்குள்ளையே தமையனுக்குச் சொல்லிப்போட்டார். ஆனா அந்தப் பிள்ளை தானாய் வந்து கதைச்சிட்டுது. அப்ப முதல் கதை அவையளின்ரை பக்கத்தாலை வந்திட்டுது, இனி முடிவும் அவையள்தானே சொல்லவேணும் எண்டு என்ரை மனுசன் சொன்னார். மாஸ்டரைக் கேட்டா அவர் தனக்குத் தெரியாதெண்டார். நாங்கள் எத்தினை மாதம் போனை ஒருத்தரையும் தொட விடேல்லை. நீங்கள்தான் எடுக்கேல்லை.”

நான் தட்டைக் கதிரைக்குக் கீழே வைத்தேன். அவர் தொடர்ந்து சொன்னார். மாப்பிள்ளை பிறகு பல வருடம் கழித்துக் கலியாணம் செய்தார், இரண்டு பிள்ளைகள், ஊருக்கு வெளியே வீடு. நல்லாயிருக்கிறார்.

என் அப்பாவை நினைத்து எனக்கு ஆத்திரமாக வந்தது. அடுத்த கணம் பாவமாகவும் இருந்தது. பலேர்மோவில் ஒரு போனைச் சுற்றி நாங்கள், பாரிசில் ஒரு போனைச் சுற்றி அவர்கள். இரண்டு வீட்டிலும் ஓம் என்ற பதில் இருந்தது.

பலேர்மோவுக்கு வந்த பிறகு ஒரு கிழமை யோசித்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும் இருந்தது, சொல்லாமல் வைத்திருக்க நான் யார் என்றும் இருந்தது. வியாழன் பின்னேரம் சின்னம்மாவின் வீட்டுக்குப் போனேன். அறுபதை நெருங்குகிறார், இன்னும் வேலைக்குப் போகிறார். மேசையில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். நானும் எதிரே இருந்து உரித்தேன். பச்சைச் சேலைக்காரி சொன்னதை முழுக்கச் சொன்னேன்.

சின்னம்மா கையை நிறுத்தவில்லை. “எனக்குத் தெரியும்,” என்றார். “அவர் அண்டைக்கு மதிலிலையே சொல்லிப்போட்டார், தனக்கு ஓம் எண்டு. நானும் ஓம் எண்டனான்.”

பிறகு ஏன் பேசாமல் இருந்தீர்கள், நம்பர் வீட்டில் இருந்ததுதானே என்று கேட்டேன். குரல் எழும்பிவிட்டது.

“காருக்குள்ளை அக்காவுக்குச் சொல்லத்தான் வெளிக்கிட்டனான். வாய் திறக்காதை எண்டிட்டா. பிறகு வீட்டிலை ஒரு வருசம் அதே கதை. ஒருக்காத் தானாய்க் கதைச்சதுக்கே அவ்வளவும் கேட்டனான். இரண்டாந்தரமும் நானாய்க் கதைக்க எனக்குப் பயமாய்க் கிடந்தது.” உரித்ததைக் கோப்பையில் போட்டார். “அவர் எடுப்பார் எண்டு பாத்தன். அவரும் என்னைப் போலைதான் இருந்திருப்பார்.”

வெளியே சந்தையில் கடை கட்டுகிற சத்தம் கேட்டது. நான் தோலையெல்லாம் கூட்டி ஒரு பக்கமாகக் குவித்தேன். அழக்கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை. சின்னம்மா அதைப் பார்க்காததுபோல இருந்தார்.

“அவரின்ரை மனுசி எப்பிடி, நல்ல மனுசியோ?” என்றார்.

தெரியாது, நான் கேட்கவில்லை என்றேன்.

“கேட்டிருக்கலாம், பிள்ளை,” என்றார் சின்னம்மா.